விண்டோஸ் 10 முடிஞ்சுது, அடுத்து எதைப் போடலாம்? – கணினி கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். லினக்ஸ் போடலாமா, பிஎஸ்டி எப்படி இருக்கும் (ரெண்டுமே விண்டோஸுக்கு பதிலா போடற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்), பழைய மேக் வாங்கினா தேறுமான்னு. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், ஈரோடு: எங்க வீட்டு கம்ப்யூட்டர் ஐ3, ஆறாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாதுன்னு சொல்லிடுச்சு. யூடியூப், மெயில், பேங்க் வேலை, கொஞ்சம் தமிழ் டைப்பிங், இவ்வளவுதான் என் தேவை. புதுசு வாங்கித்தான் ஆகணும்னு கடைக்காரர் சொல்றார். நிஜமா?

வாங்கவே வேணாம் சார். உங்க மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு வழக்கமான செக்யூரிட்டி அப்டேட்டை நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும்னு ஒரு கோடு போட்டுட்டாங்க, உங்களோடது ஆறாவதுங்கறதால கோட்டுக்கு வெளிய நின்னுடுச்சு, நடந்தது அவ்வளவுதான். 2026 அக்டோபர் வரைக்கும் கூடுதல் அப்டேட் வாங்கிக்க வழி இருக்கு, ஆனா அது நாளைக் கடத்தறதுதானே தவிர தீர்வு ஆகாது.

நீங்க சொன்ன வேலைக்கெல்லாம் லினக்ஸ் மின்ட், அதுல சினமன் டெஸ்க்டாப், இதைக் கண்ணை மூடிட்டு சொல்வேன். உபுண்டுங்கற இன்னொரு லினக்ஸ் மேலதான் மின்ட் கட்டியிருக்காங்க, 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும், கீழ பட்டன், மெனு, வலது மூலைல கடிகாரம் எல்லாம் நீங்க இத்தனை வருஷம் பார்த்த இடத்துலயே இருக்கும். ஃபெடோராங்கற லினக்ஸும் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஆறு மாசத்துக்கு ஒருதரம் புது வெர்ஷன் வருது, ஒவ்வொரு வெர்ஷனுக்கும் சுமார் 13 மாசம்தான் ஆதரவு, அந்த ஓட்டம் உங்களுக்குத் தேவையில்ல.

போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. மின்ட்டை பென்டிரைவ்ல எழுதி அதுலேர்ந்தே பூட் பண்ணுங்க, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு டெஸ்க்டாப்பும் ஓடும், இதைத்தான் லைவ் மோடுன்னு சொல்றது. ஓடறப்போ வைஃபை பிடிக்குதா, ஸ்பீக்கர்ல சத்தம் வருதா, யூடியூப் ஃபுல் ஸ்கிரீன்ல திக்காம ஓடுதா, பிரின்டர்ல டெஸ்ட் பேஜ் வருதா, ஸ்லீப்ல போட்டா எழுந்திருக்குதா, உங்க பேங்க் சைட்ல லாகின் பண்ண முடியுதா, இத்தனையும் பாருங்க. எல்லாம் சரின்னா அப்புறம் இன்ஸ்டால் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி போட்டோ, ஃபைல் எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு காப்பி பண்ணிடுங்க. உள்ள இருக்கிறது சுத்துற ஹார்ட் டிஸ்க்கா இருந்தா ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டுட்டு அதுல ஏத்துங்க, அந்த செலவு ஒண்ணு மட்டும் கண்டிப்பா செய்யலாம். கடைசியா மெனுல டைம்ஷிஃப்ட்னு ஒரு புரோகிராம் இருக்கும், அதை ஆன் பண்ணி வச்சா சிஸ்டம் ஃபைல்களை அப்பப்போ படம் பிடிச்சு வச்சுக்கும், ஏதாவது அப்டேட் சொதப்பினா முந்தின நிலைக்கே திரும்பிடலாம்.

பொறியியல் மாணவி, திருநெல்வேலி: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, மேக் எல்லாமே யுனிக்ஸ்தான்னு கிளாஸ்ல சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுன்னா ஒரு லேப்டாப்ல ஓடறது இன்னொண்ணுல ஏன் ஓட மாட்டேங்குது?

நல்ல கேள்விம்மா, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1969ல பெல் லேப்ஸ்ல கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் ஆரம்பிச்சது யுனிக்ஸ். அது பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்க நிறைய மாத்தி எழுதினது பிஎஸ்டி, ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி எல்லாம் அதோட வாரிசுங்க. 90கள் தொடக்கத்துல பிஎஸ்டி சாதாரண 386 பிசிக்கு வந்த நேரம் பார்த்து பெல் லேப்ஸோட தாய் கம்பெனி ஏடி அண்ட் டி தரப்பு வழக்கு போட்டுச்சு, 1992ல ஆரம்பிச்சு 1994ல சமரசம் ஆச்சு, அந்த ரெண்டு வருஷம் நிறைய பேர் பிஎஸ்டிய தொடத் தயங்கினாங்க. அதுக்கு முன்னாடியே ஹெல்சிங்கில படிச்சுக்கிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல சொந்தமா ஒரு கெர்னல், அதாவது சிஸ்டத்தோட மையப் பகுதி, எழுதி வெளிய விட்டுட்டார், அது யுனிக்ஸ் கோடுல ஒரு வரிகூட எடுக்காம யுனிக்ஸ் மாதிரி நடந்துக்கற சிஸ்டம். 386பிஎஸ்டி அப்பவே கைக்கு கிடைச்சிருந்தா லினக்ஸை எழுதியே இருக்க மாட்டேன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். மேக் வேற வழில வந்தது, ஸ்டீவ் ஜாப்ஸ் நடத்தின நெக்ஸ்ட் கம்பெனியோட சிஸ்டம் அது, மாக் கெர்னலும் பிஎஸ்டியும் கலந்தது, ஆப்பிள் அதை வாங்கி இப்ப இருக்கிற மேக்ஓஎஸ் ஆக்கிடுச்சு. 2007ல வந்த லெபர்ட் வெர்ஷன்லேர்ந்து மேக் முறைப்படி யுனிக்ஸ் சான்றிதழ் வாங்கின சிஸ்டம், நாம தினம் பார்க்கற உபுண்டு, டெபியன் மாதிரி லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி எதுக்கும் அந்த சான்றிதழ் கிடையாது, அதனால அதெல்லாம் மட்டம்னு ஆயிடல.

டெர்மினலைத் திறந்தா எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். எல்எஸ், க்ரெப், எஸ்எஸ்ஹெச் மாதிரி கமாண்டெல்லாம் எல்லாத்துலயும் உண்டு. பிரிஞ்சு போற இடம் டிரைவர், அதாவது வைஃபை, கிராஃபிக்ஸ் மாதிரி சிப்பை ஓட்டற சாஃப்ட்வேர். இன்டெல், ஏஎம்டி மாதிரி கம்பெனிகள் சம்பளம் குடுத்து ஆள் வச்சு லினக்ஸ் கெர்னலுக்கே நேரடியா கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர் எழுதறாங்க. ஃப்ரீபிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் அந்த கிராஃபிக்ஸ் டிரைவரை லினக்ஸ்லேர்ந்து எடுத்து தங்களோட கெர்னலுக்கு ஏத்த மாதிரி ஒட்டித்தான் போடறாங்க, அதுக்கு காலம் பிடிக்கும், அதனால இந்த வருஷம் வந்த லேப்டாப்ல லினக்ஸ் ஓடும், பிஎஸ்டி திணறும், அதே லேப்டாப் நாலு வருஷம் பழசானா பிஎஸ்டியும் சமத்தா ஓடும். மேக் ஆப்பிள் மெஷினுக்கு மட்டும்தான். தினசரி டெஸ்க்டாப்புக்கு எந்த யுனிக்ஸ்னு யார் கேட்டாலும் நான் முதல்ல திருப்பிக் கேக்கறது உங்க வைஃபை சிப் என்ன, கிராஃபிக்ஸ் என்னன்னுதான். கெர்னல் டிசைன் பத்தின சண்டையெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

கல்லூரி மாணவர், கோவை: அண்ணா, லினக்ஸ் அலுத்துப் போச்சு. ஃப்ரீபிஎஸ்டிய என் லேப்டாப்ல மெயின் ஓஎஸ்ஸா போட்டு எல்லா வேலையும் அதுலயே பண்ணலாம்னு ஆசை. ஓட்ட முடியுமா?

முடியும் தம்பி, எதெல்லாம் கிடைக்கும், எதெல்லாம் போகும்னு தெரிஞ்சுக்கிட்டு போடு.

போறதை முதல்ல சொல்லிடறேன். வைஃபை ரொம்ப நாளா மெதுவாத்தான் இருந்தது, இன்டெல் சிப்புக்கு 802.11ஏசிங்கற வைஃபை வேகம் 2025ல வந்த 14.3 வெர்ஷன்லதான் கிடைச்சது, ரியல்டெக், மீடியாடெக் சிப்னா கொஞ்சம் பாடுதான், சில பேர் உள்ளுக்குள்ள ஒரு குட்டி லினக்ஸை விர்ச்சுவல் மெஷினா ஓட்டி அது வழியா வைஃபை எடுக்கறாங்க. புளூடூத் ஹெட்செட்டை நம்பி உட்காராதே. மூடி வச்சா தூங்கறது பழைய திங்க்பேட் மாதிரி மெஷின்ல சரியா வேலை செய்யும், புது லேப்டாப்ல பழைய எஸ்3 ஸ்லீப்பையே எடுத்துட்டாங்க, அதுக்கு பதிலா வந்த புது முறை ஃப்ரீபிஎஸ்டில இன்னும் முழுசா கனியல, பைக்குள்ள சூடா கிடந்து பேட்டரி காலியாகும். நெட்ஃபிளிக்ஸ் மாதிரி பூட்டுப் போட்ட வீடியோவுக்கு வைட்வைன்னு பூட்டைத் திறக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு வேணும், அதை கூகுள் பிஎஸ்டிக்கு தர்றதில்ல, லினக்ஸ் புரோகிராமை ஓட்டற லேயர் வழியா சுத்தி வளைச்சு ஓட்டணும். இத்தனைக்கும் நெட்ஃபிளிக்ஸ் வீடியோவை உலகம் பூரா அனுப்பற சர்வருங்க ஓடறதே ஃப்ரீபிஎஸ்டிலதான், அங்க அவ்வளவு பலமா நிக்கிற சிஸ்டத்துல அந்த வீடியோவைப் பார்க்க இவ்வளவு சுத்த வேண்டியிருக்கேங்கறது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

இப்ப கிடைக்கறது. இன்ஸ்டால் பண்ணும்போதே இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை தேர்ந்தெடு. அதோட வர்ற பூட் என்விரான்மென்ட் இருக்கே, அதுக்காகவே போடலாம். நூறு பேக்கேஜை அப்கிரேட் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கமாண்ட், இப்ப இருக்கிற சிஸ்டம் அப்படியே ஒரு பேரோட நின்னுடும், ஒரு நொடிகூட ஆகாது, இடமும் உடனே தின்னாது, மாறின பிளாக்குகளை மட்டும்தான் அது தனியா வச்சுக்கும். அப்கிரேட் முடிஞ்சு கிராஃபிக்ஸ் வரல, கறுப்பு ஸ்கிரீன்தான் நிக்குதுன்னா பதற வேணாம், ரீஸ்டார்ட் பண்ணி பூட் மெனுல அந்தப் பழைய பேரை தேர்ந்தெடுத்தா நேத்து இருந்த டெஸ்க்டாப் அப்படியே வந்து நிக்கும், உன் ஹோம் ஃபோல்டர் ஃபைலெல்லாம் அந்தந்த இடத்துலயே இருக்கும். லினக்ஸ் பக்கம் ஓபன்சூசேங்கற வகைல பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வச்சு இது மாதிரி இருக்கு, ஆனா ஃப்ரீபிஎஸ்டில இது பேஸ் சிஸ்டத்தோடவே பழகி வந்திருக்கு. இன்னொண்ணு, பேஸ் சிஸ்டம் தனி, நீ போடற சாஃப்ட்வேர் எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டருக்குள்ள தனி, ரெண்டும் கலக்காது. ஹேண்ட்புக்னு ஒரு கையேடு இருக்கு, அதை உட்கார்ந்து படிச்சாலே சிஸ்டம் புரியும், பத்து இடத்துல தேடி ஒட்டற வேலை கிடையாது.

இன்ஸ்டால் முடிஞ்சதும் வர்றது வெறும் கறுப்பு ஸ்கிரீன், கிராஃபிக்ஸ் டிரைவர், ஜன்னல்களைக் காட்டற எக்ஸ், கேடிஇ டெஸ்க்டாப் எல்லாம் நீயேதான் போடணும். அந்த வேலை வேணாம், சும்மா தொட்டுப் பார்க்கணும்னா டெஸ்க்டாப்போடவே வர்ற கோஸ்ட்பிஎஸ்டி எடு, இல்லன்னா பென்டிரைவ்லயே ஓடற நோமட்பிஎஸ்டி எடு. பிசி-பிஎஸ்டின்னு 2005லேர்ந்து டெஸ்க்டாப்புக்குன்னே ஒண்ணு இருந்தது, பின்னாடி ட்ரூஓஎஸ்னு பேர் மாத்தி 2020ல நின்னு போச்சு, பழைய புத்தகத்துல அதைப் பார்த்தா தேடி அலையாதே. செமஸ்டர் நடுவுல மட்டும் மாத்தாதே, ஆன்லைன் எக்ஸாம் சாஃப்ட்வேர் எதுவும் பிஎஸ்டிய நினைச்சு எழுதினதில்ல.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை: ஓபன்பிஎஸ்டிதான் உலகத்துலயே பாதுகாப்பானதுன்னு படிச்சேன். நெட் பேங்கிங்குக்கு மட்டும் தனியா ஒரு பழைய லேப்டாப்ல அதைப் போடலாம்னு இருக்கேன். சரியான யோசனையா?

யோசனை தப்பில்ல, ஆனா எது எதைத் தடுக்கும்னு தெரிஞ்சுக்கோங்க. ஓபன்பிஎஸ்டி ஆளுங்க பாதுகாப்புக்குன்னே உழைக்கறவங்க, நாம எல்லாரும் தினம் உபயோகிக்கற ஓபன்எஸ்எஸ்ஹெச் அவங்க 1999ல குடுத்ததுதான். டெஸ்க்டாப்ல அது எப்படித் தெரியும்னு ஒரு உதாரணம் சொல்றேன். ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து பேங்க் சைட்ல ஒரு டாக்குமென்ட் அப்லோட் பண்ணப் போறீங்க, ஃபைல் தேர்ந்தெடுக்கற ஜன்னல்ல உங்க டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் தெரியவே தெரியாது, டவுன்லோட்ஸ் மட்டும்தான் தெரியும். பிழைன்னு நினைச்சுடாதீங்க. பிரவுசருக்கு அந்த ஒரு ஃபோல்டரைத் தவிர உங்க சொந்த ஃபைல் எதுவும் கண்ணுலயே படக்கூடாதுன்னு அன்வீல்ங்கற வசதியால கெர்னலே மறைச்சு வச்சிருக்கு, நாளைக்கு பிரவுசர்ல ஓட்டை விழுந்து எவனாவது உள்ள வந்தாலும் உங்க ஆதார் ஸ்கேனையோ எஸ்எஸ்ஹெச் சாவியையோ எடுக்க முடியாது. அனுப்ப வேண்டிய ஃபைலை டவுன்லோட்ஸுக்கு காப்பி பண்ணி அப்புறம் அப்லோட் பண்ணணும். அதே மாதிரி மைக், கேமரா ரெண்டும் ஆரம்பத்துலயே அணைச்சு வச்சிருக்கும், வீடியோ கால் பேசணும்னா நீங்களா போய் திறந்து விடணும். இந்த கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தொல்லைகளும் இருக்கு. புளூடூத் 2014லயே எடுத்துட்டாங்க, என்விடியா கிராஃபிக்ஸுக்கு டிரைவர் கிடையாது, லினக்ஸ் புரோகிராம் ஓட்டற லேயரும் கிடையாது, விண்டோஸ் புரோகிராம் ஓட்டற வைனும் கிடையாது. ஆறு மாசத்துக்கு ஒரு வெர்ஷன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வருஷம்தான் அப்டேட், அதனால தவறாம ஏத்திக்கிட்டே வரணும். அதைவிட முக்கியமா ஃபைல் சிஸ்டத்துல ஜர்னல், அதாவது டிஸ்க்ல செய்யற மாற்றங்களைக் குறிச்சு வைக்கற பதிவு, கிடையாது, யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்ல போட்டு அடிக்கடி கரென்ட் போற ஏரியாவுல இருந்தீங்கன்னா ஒவ்வொரு தடவையும் டிஸ்க் முழுசும் சோதிச்சு முடிச்ச பிறகுதான் எழுந்திருக்கும், சில நேரம் நீங்களே கீபோர்டுல பதில் சொல்லணும். நீங்க லேப்டாப்னு சொன்னதால தப்பிச்சீங்க, பேட்டரி நல்லா இருக்கட்டும்.

இவ்வளவும் பண்ணிட்டு போன்ல ஒருத்தன் பேங்க்லேர்ந்து பேசறேன்னு சொல்லி ஓடிபி கேட்டு நீங்க குடுத்துட்டா எந்த ஓஎஸ்ஸும் காப்பாத்தாது. நம்ம ஊர்ல பணம் போறது பெரும்பாலும் அந்த வழிலதான், அதனால வீட்ல பெரியவங்களுக்கு அதை முதல்ல சொல்லிக் குடுங்க.

புகைப்படக் கலைஞர், திருச்சி: செகண்ட் ஹேண்ட்ல 2017 மேக்புக் ஏர் ஒண்ணு மலிவா வருது. வாங்கலாமா, இல்ல எம்1 ஏருக்கு காசு சேர்க்கணுமா?

காசு சேருங்க. 2017 ஏர்ல ஆப்பிள் அதிகாரபூர்வமா தர்ற கடைசி மேக்ஓஎஸ் மான்டரே, அதுக்கு செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சு. ஓபன்கோர் பேட்சர் போட்டு புது வெர்ஷன் ஏத்தறவங்க இருக்காங்க, தொழிலுக்கு வச்சிருக்கிற மெஷின்ல அதை நான் சொல்ல மாட்டேன். இன்டெல் மேக் எல்லாத்துக்குமே டஹோ வெர்ஷன்தான் கடைசின்னு ஆப்பிளே 2025ல அறிவிச்சாச்சு.

ஏற்கெனவே கைல இருக்கிறவங்களுக்காக சொல்றேன், அந்த 2017 ஏர்ல லினக்ஸ் மின்ட் அருமையா ஓடும், ஆனா பிராட்காம் வைஃபை ஆரம்பத்துல பிடிக்காது, நெட் இல்லாம டிரைவர் இறக்க முடியாது, டிரைவர் இல்லாம நெட் வராது. போனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் ஆன் பண்ணி, டிரைவர் மேனேஜர்ல பிராட்காம் டிரைவரை டிக் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணா அதோட தீர்ந்தது. வெப்கேமுக்கு தனியா ஒரு டிரைவர் கட்டணும். 2018லேர்ந்து வந்த டி2 சிப் உள்ள மேக்னா அதுக்குன்னே தனி கெர்னல் வேணும், புதுசா கத்துக்கறவங்க அதுல இறங்க வேணாம்.

ஆப்பிளோட சொந்த சிப்பான எம்1 2020 நவம்பர்ல வந்தது, இன்னைக்கும் லைட்ரூம் வேலைக்கு தாராளம், பேட்டரியும் ஸ்லீப்பும் இந்தக் கூட்டத்துல மேக்குக்கு நிகர் எதுவும் இல்லன்னு ஒத்துக்கத்தான் வேணும். ராம் மட்டும் பின்னாடி கூட்டவே முடியாது, 16 ஜிபி கிடைச்சா அதையே எடுங்க. ஆப்பிள் ஒருநாள் எம்1ஐ கைவிட்டாலும் அசாஹி லினக்ஸ் எம்1, எம்2 மெஷின்ல ஓடுது, ஃபெடோரா அசாஹின்னு கிடைக்கும், எம்3க்கு மேல வாங்கினா அந்த நம்பிக்கை இப்போதைக்கு வேணாம்.

கணக்குத் தணிக்கை அலுவலகம், மதுரை: ஆபீஸ் பூரா லினக்ஸுக்கு மாத்தலாம்னு பையன் சொல்றான். டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், ஹெச்பி 1020 பிரின்டர், இதெல்லாம் ஓடுமா?

டேலி விண்டோஸுக்கு மட்டும்தான். வைன்ல ஓட்டிப் பார்க்கறவங்க உண்டு, மார்ச் மாசம் கடைசி வாரத்துல அது நின்னா யாரைக் கேப்பீங்க. அதனால டேலிக்கும் டோக்கனுக்கும் விண்டோஸ் 11 ஏறற மெஷின் ஒண்ணு ரெண்டு வச்சுக்கோங்க, மத்த டேபிள்ல மெயில், லிப்ரே ஆபீஸ், பிரவுசர் வேலை மட்டும் நடக்கற மெஷின்களை மின்ட்டுக்கு மாத்துங்க. டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்காங்கறது அந்த டோக்கன் கம்பெனியைப் பொறுத்தது, வாங்கின இடத்துல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. பிஎஸ்டிங்கற பேச்சையே உங்க ஆபீஸ்ல எடுக்காதீங்க.

ஹெச்பி 1020 ஓடும். அந்த பிரின்டர் ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் தன்னோட ஃபர்ம்வேரை கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வாங்கிக்கும், ஆஃப் பண்ணா அது தங்காது. ஹெச்பிலிப் சாஃப்ட்வேரோட அந்த ஃபர்ம்வேர் இருக்கிற பிளகின்னையும் சேர்த்து டவுன்லோட் பண்ணணும், பிளகின் போடாம விட்டா பிரின்டர் லிஸ்ட்ல பேரெல்லாம் தெரியும், பிரின்ட் குடுத்தா பேப்பர் அசையாது, நிறைய பேர் பிரின்டர் போச்சுன்னு நினைக்கறது இங்கதான். புதுசா வாங்கறதா இருந்தா டிரைவர் இல்லாமலே ஐபிபிங்கற பொது முறைல அடிக்கற நெட்வொர்க் பிரின்டரா பாருங்க, அது லினக்ஸ், மேக், பிஎஸ்டி மூணுலயும் ஓடும்.

டிடிபி சென்டர், சிவகாசி: தமிழ் டைப்பிங் எந்த சிஸ்டத்துல நல்லா இருக்கும்? எங்ககிட்ட பேஜ்மேக்கர், பழைய ஃபான்ட் ஃபைல் ஏகப்பட்டது இருக்கு.

டைப்பிங் மட்டும்னா மேக், லினக்ஸ், பிஎஸ்டி மூணுலயும் குறை இல்ல. மேக்ல முத்து நெடுமாறன் செஞ்ச அஞ்சல் கீபோர்டும் இணைமதி ஃபான்ட்டும் 2005லேர்ந்தே கூடவே வருது, தமிழ்99ம் உண்டு, எதுவும் தேடிப் போட வேண்டியதில்ல. லினக்ஸ்ல ஐபஸ் இல்லன்னா எஃப்சிஐடிஎக்ஸ்ங்கற டைப்பிங் சாஃப்ட்வேர் போட்டு அதோட எம்17என் பேக்கேஜையும் சேர்க்கணும், தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கும். இங்க ஒரு விஷயம் கவனிங்க, வெறும் கீபோர்டு லேஅவுட் செட்டிங்ல தமிழ்99ன்னு இன்னொண்ணு தெரியும், அது ஒரு கீக்கு ஒரு எழுத்து மட்டும்தான் போடும், க ரெண்டு தடவை அடிச்சா தானா க்க வர்றது, ங அடிச்சு க அடிச்சா ங்க ஆகறது எல்லாம் அதுல நடக்காது, நீங்களே புள்ளி வச்சுக்கிட்டே போகணும். வேகமா அடிக்கறவங்களுக்கு அது சித்திரவதை, அதனால எம்17என் வழியாவே போங்க. ஃப்ரீபிஎஸ்டிலயும் இதே பேக்கேஜ்கள் கிடைக்கும், ஆனா புது இன்ஸ்டால்ல தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா தெரியும், நோட்டோ ஃபான்ட் போட்டதும் சரியாயிடும். டெர்மினல்ல மட்டும் எங்கயும் தமிழை எதிர்பார்க்காதீங்க, எக்ஸ்டெர்ம் மாதிரி டெர்மினல்ல கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிக்கும்.

பேஜ்மேக்கர்தான் உங்க கட்டு. 2001ல வந்த 7.0தான் அதுல கடைசி, லினக்ஸ் பக்கம் வரவே இல்ல. பழைய ஃபைல்களைத் திறக்கறதுக்கு ஒரு விண்டோஸ் மெஷினை நெட் கனெக்‌ஷன் இல்லாம தனியா வச்சுக்கோங்க. புதுசா வர்ற வேலையை யூனிகோடுல ஆரம்பிங்க, 2024ல வந்த ஸ்கிரைபஸ் 1.6ங்கற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேர் தமிழ் எழுத்தை உடைக்காம அடுக்குது, இங்க்ஸ்கேப்லயும் நோட்டீஸ், பத்திரிகை எல்லாம் சுத்தமா வருது. பழைய ஃபான்ட்ல இருக்கிற மேட்டரை யூனிகோடுக்கு மாத்த கன்வெர்ட்டர் உண்டு, மாத்தின பிறகு புரூஃப் பார்க்காம மட்டும் அச்சுக்கு அனுப்பாதீங்க, ஸ்ரீ, க்ஷ, ஐகார எழுத்து இங்கெல்லாம் தடுக்கும்.

ரெண்டு சின்ன கேள்விகள். ஆர்ச் லினக்ஸ் போடலாமான்னு சேலத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார்: கத்துக்க நல்லது, ஆர்ச் விக்கி மாதிரி ஒரு விளக்கம் வேற எங்கயும் இல்ல, எந்த லினக்ஸ் வகை வச்சிருந்தாலும் அதைப் படிங்க, அம்மாவோட மெஷின்ல மட்டும் போடாதீங்க. கூகுளோட குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் எப்படின்னு புதுச்சேரி வாசகி: அதுவும் அடியில லினக்ஸ்தான், பிரவுசர் மட்டும் போதும்னா ரொம்ப சுலபம், ஆனா ஃபிளெக்ஸ்ல பிளே ஸ்டோர் வராது, கூகுள் அக்கவுன்ட் இல்லாம கெஸ்ட்டா நுழைஞ்சா வெளிய வந்ததும் எல்லாம் அழிஞ்சிடும்.

பிளஸ் டூ மாணவர், தருமபுரி: அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த பழைய இலவச லேப்டாப் 2 ஜிபி ராமோட கிடக்குது. அதுல ஏதாவது போட்டு ஓட்ட முடியுமா அண்ணா?

முடியும் தம்பி. 2011ல அந்தத் திட்டம் ஆரம்பிச்சப்ப குடுத்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் குடுத்தாங்க, சென்னை சி-டாக்ல டெபியனை வச்சு செஞ்சது, நிறைய வீட்ல அதைத் திறந்துகூட பார்க்காம ஃபார்மட் பண்ணிட்டாங்க. நீ இப்ப டெபியன் 13ஐயே எடு, 2025 ஆகஸ்ட்ல வந்தது, இன்ஸ்டால்ல லேசான எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப்பை மட்டும் டிக் பண்ணு, கனமான க்னோம் வேணாம். வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர் இப்பல்லாம் இன்ஸ்டாலர்லயே வருது. பிராசசர் 64 பிட்டான்னு முதல்ல பாரு, 32 பிட்டுக்கு டெபியன் 13 இன்ஸ்டாலர் கிடையாது.

சிஸ்டம் ஓடறதுக்கு அந்த 2 ஜிபில பாதிகூட ஆகாது, மிச்சத்தை பிரவுசர் தின்னுடும், அதனால ஒரு நேரத்துல ரெண்டு டேப்புக்கு மேல திறக்காதே, யூடியூப் 480ல வச்சுப் பாரு, ராம்ல இருக்கிறதைச் சுருக்கி வைக்கற இசட்ராம் பேக்கேஜ் ஒண்ணு போட்டா கொஞ்சம் மூச்சு விடும். பழைய கடைல அதுக்குப் பொருந்தற டிடிஆர்3 ராம் 4 ஜிபி கிடைச்சா வாங்கிப் போடு, பைத்தான் படிக்க, நோட்ஸ் எடுக்க, பிடிஎஃப் பார்க்க இது போதும். ஆன் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி உப்பியிருக்கான்னு கவிழ்த்துப் பாரு, உப்பியிருந்தா கழட்டி வச்சுட்டு சார்ஜர்லயே ஓட்டு.